மில்லின் விலைப்பட்டியல்

சிறிய கடைக்கு முதன்முதலாக இணையத்தளம் அமைப்பதைப் பற்றி யாரிடம் கேட்டாலும், செலவு எவ்வளவு ஆகும், யாரிடம் கொடுத்துச் செய்வது, எத்தனை நாளில் முடியும் என்றுதான் பேச்சு போகும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் என் தாய்மாமா நடத்தும் மசாலா மில்லுக்குத் தளம் அமைத்துக் கொடுத்தபோது இவை எதுவும் எங்களைப் பெரிதாகப் படுத்தவில்லை. மாதக்கணக்கில் எங்களை நிறுத்தி வைத்தது ஒரே ஒரு வரிதான்: ஒரு கிலோ அரைக்கக் கூலி எவ்வளவு? அந்த வரியை எழுதி ஏற்றிய பிறகும் அதைப் பற்றிய வாக்குவாதம் எங்கள் வீட்டில் ஓயவில்லை. நியாயம் யார் பக்கம் என்பது எனக்கே முழுதாகத் தெளியாததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மில் என்றால் இரண்டு இயந்திரங்கள். ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றுக்கு. மற்றொன்று அரிசி, கேழ்வரகு, உளுந்துக்கு. இரண்டையும் எந்தக் காரணம் கொண்டும் மாற்றிப் பயன்படுத்த மாமா ஒப்புக்கொள்ளமாட்டார். ஒரு காலத்தில் எல்பில், ஹீவூட் என்று சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டத்து மக்கள்தாம் வாடிக்கையாளர்கள். இப்போது நோன்புப் பெருநாளுக்கு முன் ரெம்பா எனும் மலாய் மசாலா அரைக்க வரும் மலாய்ப் பெண்களும், கறி மீ நூடுல்ஸ் விற்கும் சீனக் கடைக்காரர்களும் அதே அளவுக்கு வருகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஷா ஆலாம், பூச்சோங், பாசிர் கூடாங் என்று போய்விட்டார்கள். தீபாவளிக்கு ஊர் வரும்போது மாமாவே பக்குவம் பார்த்து அரைத்து வைத்திருக்கும் மீன்கறித் தூளைக் கிலோக்கணக்கில் வாங்கிப் போவார்கள். அது தீர்ந்ததும் கைப்பேசியில் கூப்பிடுவார்கள். மாமாவின் கைப்பேசியோ சட்டைப்பையில் இருக்கும், அவர் கைகள் மிளகாயில் இருக்கும், பெல்ட் ஓடும் சத்தத்தில் மணி அடிப்பது யார் காதிலும் விழாது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, தபாலில் அனுப்புவீர்களா, மல்லியை வறுத்துக் கொண்டுவர வேண்டுமா என்ற அதே மூன்று நான்கு கேள்விகளுக்காகத்தான் அத்தனை அழைப்புகளும். இவற்றுக்கெல்லாம் ஒரு பக்கத்தில் பதில் எழுதிப் போட்டுவிடலாமே என்று நான் சொல்லப்போய், அதைச் செய்து முடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

பெயர், சான்றிதழ், எழுத்துரு

டாட் காம் டாட் மை (.com.my) என்று முடியும் மலேசிய இணைய முகவரி வேண்டுமென்றால் தொழில் பதிவு இருக்க வேண்டும். தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம் மாமாவுக்குக் கொடுத்த சான்றிதழ் கல்லாவுக்கு மேலே, மஞ்சள் தூள் படிந்த கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டி அவர் தவறாமல் புதுப்பித்து வந்திருந்தார். இந்த ஒழுங்கு இல்லாத கடைகளுக்கு முதல் படியே பெரும் படியாகிவிடும். முகவரியை யார் பெயரில் பதிவது என்பதில் நான் கறாராக இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தின் தளத்தை அமைத்துக் கொடுத்தவர், முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். பிறகு அவர் தொழிலையே விட்டுவிட்டுப் போக, தொடர்பு எண்ணை மாற்றக்கூட மண்டபத்தாருக்கு வழியில்லாமல் போயிற்று. அதனால் மாமாவின் பெயர், மாமாவின் மின்னஞ்சல், மாமாவின் வங்கி அட்டை என்றே எல்லாவற்றையும் செய்தோம். மறைச்சொல்லை அத்தை தன் நகைப்பெட்டிக்குள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். பாதுகாப்பு வல்லுநர்கள் முகம் சுளிக்கலாம். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் கிடையாது.

இலவசமாகவே பக்கம் கிடைக்கும்போது காசு ஏன் என்று மாமாவின் மகன் கேட்டான். கூகுள் வணிகப் பக்கத்தோடு சேர்த்து இலவசத் தளம் கொடுத்து வந்த கூகுள், 2024 மார்ச்சில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. வரைபடத்தில் கடை தெரிவது தொடர்கிறது, ஆனால் அந்தத் தளங்கள் இப்போது இல்லை. முகநூல் பக்கத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைக்கென்று ஒரு நிலையான முகவரி வேண்டும், மற்றவையெல்லாம் அங்கே கொண்டுவந்து விடும் வழிகளாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். https என்று தொடங்கும் பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளத்தை 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. அதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. அதற்கென்று ஆண்டுதோறும் தனிக் கட்டணம் கேட்பவரிடம் ஏன் என்று ஒரு முறையாவது கேட்டுவிடுவது நல்லது.

எழுத்துதான் சற்று அலைக்கழித்தது. பொட்டலங்களில் ஒட்டும் வில்லைகளை அச்சடித்த அச்சகத்திலிருந்து கோப்பை வாங்கி, அதிலிருந்த தமிழை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால், மிளகாய்த்தூள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளும் வந்து நின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பழைய எழுத்துருவின் வேலை அது. ஒருங்குறி (யூனிக்கோடு) வருவதற்கு முன்னால் தமிழில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். 1985இல் முரசை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர் என்று சொன்னபோது, “நம்ம நாட்டு ஆளா?” என்று கேட்டுவிட்டு, மாமா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவருக்கு இந்த வேலையில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. முகவரியையும் தமிழிலேயே வைக்க முடியாதா என்று அடுத்த கேள்வி. சிங்கப்பூருக்குத் தமிழில் முடியும் முகவரி இருக்கிறது. நமக்கு டாட் மையும், மலாயை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் ஒன்றும்தான் இருக்கின்றன என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பக்கங்களை மலாயிலும் தமிழிலும் எழுதினோம். படங்களைக் கைப்பேசியில் எடுத்து, எடையைக் குறைத்து ஏற்றினோம். தோட்டத்துப் பக்கம் அலைவரிசை இன்னும் நொண்டுகிறது, பெரிய படங்கள் திறக்கும்வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை. வாட்ஸ்அப் பொத்தானுக்கு எண்ணை எழுதும்போது, முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு, நாட்டுக் குறியெண்ணான 60 என்று தொடங்க வேண்டும். ஊரில் பல கடைகளின் பொத்தான்கள் இந்த ஒரு பூச்சியத்தால்தான் வேலை செய்யாமல் கிடக்கின்றன.

அரைக்கக் கொண்டுவருமுன்

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் மாமா வாயால் சொல்ல நான் எழுதியது. மிளகாயைக் காம்போடு வெயிலில் காய வைக்க வேண்டும். காம்பை ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் போதவில்லை என்று பொருள். ஈரம் இருந்தால் மாவு சல்லடையில் அப்பிக்கொள்ளும், அடுத்து நிற்பவருடைய பொருளும் கெடும். மல்லியைச் சூடேறும் அளவுக்கு மட்டும் வறுத்தால் போதும், நிறம் மாறினால் கறியில் கசப்பு இறங்கும். வறுத்ததைச் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வரக்கூடாது, வழியிலேயே வியர்த்துவிடும். விரலி மஞ்சளை முழுசாகக் கொண்டுவந்தால் இயந்திரம் அடி வாங்கும், வீட்டிலேயே இடித்துத் துண்டாக்கிக் கொண்டுவர வேண்டும். அரைத்து வாங்கிய தூள் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். வீட்டுக்குப் போனதும் தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் போத்தலில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் வண்டு வந்துவிடும்.

இவற்றையெல்லாம் அவர் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்திருக்கிறார், பல சமயம் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அலுப்போடு. எழுத்தில் வந்தபோது அவருடைய அலுப்பு மறைந்து அறிவு மட்டும் நின்றது என்று எனக்குத் தோன்றியது. மீன்கறித் தூளின் அளவுகளையும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு மட்டும் அவர் எழுந்துபோய் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

கூலி

விலை எழுதும் நாள் வந்தது. இணையத்தில் பொருள் விற்பவர் தொழிலின் பெயரையும் பதிவு எண்ணையும் தொடர்பு விவரத்தையும், பொருளின் தன்மையையும், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலையையும், பணம் கட்டும் முறையையும், எத்தனை நாளில் பொருள் வந்து சேரும் என்பதையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உள்பெட்டிக்கு வாருங்கள், விலை சொல்கிறேன் என்று எழுதுகிறவர்கள் இந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லைபோலும். மாமாவிடம் சொன்னதும், பொட்டலங்களின் விலைகளை அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். கடல் தாண்டியுள்ள சபா, சரவாக்குக்கு அனுப்பும் செலவைத் தனியாக எழுதச் சொன்னார். அரைக்கும் கூலி எவ்வளவு என்று கேட்டபோது, “அதைப் போடாதம்மா” என்றார்.

வியாபாரிகளுக்கே உரிய பயம், பக்கத்து ஊர் மில்காரர் பார்த்துவிட்டுக் குறைத்துப் போடுவார் என்று நினைக்கிறார் என்றான் அவர் மகன். மாமா மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. சில நாள் கழித்து, கடை சாத்தும் நேரத்தில், கல்லாவின் இழுப்பறையிலிருந்து கடன் கணக்கு எழுதும் 555 புத்தகங்கள் நாலைந்தை எடுத்து என் முன்னால் வைத்தார். தோட்டத்துக் கடன் வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பழக்கத்தில் நான் எடைக்கும் தொகைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன், பொருந்தவில்லை. சாப்பாட்டுக் கடைகள் முழுக் கூலி கொடுத்திருந்தன. கோயில் அன்னதானத்துக்கு அரைத்ததற்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. பழைய தோட்டத்து ஆட்கள் சிலருக்கு மட்டும் எந்தக் காலத்துக் கூலியோ அப்படியே நின்றிருந்தது. மின்சாரக் கட்டணம் ஏறியபோதும் வேலையாள் சம்பளம் ஏறியபோதும் மற்றவர்களுக்குக் கூலியை ஏற்றிய மாமா, அவர்களுக்கு ஏற்றவே இல்லை.

அது சலுகை என்று அவர்களிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் கூலி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காசை எண்ணி வைத்துவிட்டு, யாருக்கும் கடன்படாதவர்களாகத் தலை நிமிர்ந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உண்மையான கூலியை ஊரறிய எழுதினால், அவர்கள் இத்தனை காலமும் பெற்றது என்ன என்பதையும் சேர்த்து எழுதியதாகிவிடும். மாமா மறைக்க விரும்பியது விலையை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் தன் தள்ளுபடியைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வரி இல்லாமலே தளம் வெளிவந்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை என்று நான் சமாதானம் செய்துகொண்டேன், ஏனென்றால் அரைக்கும் வேலையை நாங்கள் தளத்தின் வழியாக விற்கவில்லை. ஆனால் தளத்தைப் பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்தும் கோலா கங்சாரிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஓர் இளைஞர், தனக்கு முன்னால் நின்ற முதியவரிடம் மாமா வாங்கிய காசைக் கவனித்துவிட்டு, கார்காரனுக்கு ஒரு விலையா, ஆளைப் பார்த்துத்தான் கூலி சொல்வீர்களா என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சத்தம் போட்டார். அவர் கேட்டது தவறான கேள்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு விளக்கம் சொல்லப்போனால் பக்கத்திலேயே நிற்கும் அந்த முதியவர் காதில் விழும் என்பதால், மாமா பதிலே பேசாமல் அதிகமாக வாங்கியதைப் போல் அந்த இளைஞருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். அன்று இரவே என்னைக் கூப்பிட்டு, “போட்டுடும்மா” என்றார். முழுக் கூலியை மலாயிலும் தமிழிலும் போட்டேன்.

அடுத்து நடந்ததை அத்தை வாயாலும் மாமா வாயாலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஹீவூட் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டி, இப்போது பட்டணத்துக்குப் பக்கத்திலேயே மகன் வீட்டில் இருப்பவர், வழக்கம்போல மிளகாயும் மல்லியும் கொண்டுவந்தார். அரைத்து முடிந்ததும் முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணி வைத்தார். முழுக் கூலி இருந்தது. பூச்சோங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி கைப்பேசியில் காட்டியிருக்கிறாள். “ஏன் தம்பி, இத்தன நாளா நீ சொல்லவே இல்ல?” என்று கேட்டார். “அது வெளியூர்க்காரங்களுக்குப் போட்ட விலை பெரியம்மா” என்றார் மாமா. “தோட்டத்த விட்டு வந்து எத்தன வருசமாச்சு, இப்ப நானும் வெளியூருதான்” என்று சொல்லிவிட்டு, மாமா திருப்பி நீட்டிய பணத்தைத் தராசுத் தட்டுக்கு அடியில் செருகிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா அன்று பகல் சாப்பிட வரவில்லை என்று அத்தை சொன்னார். எழுதாமல் இருந்திருந்தால் எல்லாரும் நன்றாக இருந்திருப்பார்கள் என்பது மாமாவின் கட்சி. தெரிந்தால் முறிந்துவிடக்கூடிய உறவுகள் சில இருக்கின்றன, அவற்றைத் தெரியாமலேயே காப்பாற்றுவதுதான் பெரிய மனிதத்தனம் என்று அவர் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. சொல்ல வந்தது அதுதான். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏமாற்றி அதிகம் வாங்குவது மட்டுமே தவறு, ஏமாற்றிக் குறைவாக வாங்கினால் தவறில்லை என்று சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? தனக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று அறிந்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பாட்டிக்கு இருந்தது. அந்த வாய்ப்பு முதன்முதலாகக் கிடைத்தபோது அவர் மறுத்தார். எழுதப்பட்ட விலை அவருக்கு இதைக் கொடுத்தது. ஆனால் அவரிடம் குறைவாக வாங்கி மாமா காட்டிவந்த மரியாதைக்கு வேறு வடிவம் எதையும் அது கொடுக்கவில்லை என்பதும் உண்மைதான்.

மாமாவின் மகன் ஒரு யோசனை சொன்னான்: தமிழ்ப் பக்கத்தில் கூலியை எடுத்துவிட்டு, மலாய்ப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம். மாமாவின் முகம் மலர்ந்தது. நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரே கடை ஒரு மொழியில் விலை சொல்லி இன்னொரு மொழியில் விழுங்குவது அசிங்கம். அதோடு, பேத்திகளுக்கு மலாய் நன்றாகவே படிக்கத் தெரியும்.

வரி அப்படியே இருக்கிறது. அதனால் விளைந்த வேறு சிலவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று கூலி கேட்டு, மனக்கணக்குப் போட்டுத் தயங்கும் மலாய்ப் பெண்கள் இப்போது நேராகச் சாக்கோடு உள்ளே வருகிறார்கள். மாமாவின் கண்சாடையைப் பார்த்துப் பார்த்தே காசு வாங்கிப் பழகிய வேலையாளுக்கு இப்போது தொகை தெரியும். மாமா கண் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தபோது, எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக, அவர் இல்லாமல் மில் ஓடியது. அந்த இளைஞரும் திரும்ப வந்தார், ஒன்றும் பேசாமல் பட்டியலில் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாட்டியும் வருகிறார், முழுக் கூலியைக் கொடுக்கிறார். அவர் பைக்குள் மாமா ஒரு மஞ்சள் தூள் பொட்டலத்தைக் கொசுறு என்று சொல்லிப் போட்டுவிடுகிறார். கொசுறுக்குப் பட்டியலில் இடமில்லை என்பதால் அதை அவர் மறுப்பதில்லை. ஆனால் அடுத்த முறை வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வருகிறார். பொட்டலத்தின் விலை பழைய சலுகையைவிட அதிகம் என்று நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது வேறொரு வரியில் தகராறு தொடங்கியிருக்கிறது. தீபாவளிக்குள் பொருள் கைக்குக் கிடைக்க வேண்டுமானால் எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் போட வேண்டும். கடைசி நாளுக்கு மறுநாள் யாராவது கூப்பிட்டுக் கேட்டால் இல்லையென்று எப்படிச் சொல்வது என்று மாமா தேதி சொல்ல மறுக்கிறார். சபாவுக்குப் பொட்டலம் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது என்று அஞ்சல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு வந்து, இந்த வார இறுதியில் நானே ஒரு தேதியைப் போட்டுவிடப் போகிறேன்.